வெறும் வயிற்றில் வந்தவள்

இந்த அறையில் ஃபேனை மாற்றிவிட்டீர்கள் போலிருக்கிறது, டாக்டர். முன்பு இருந்தது சுற்றும்போது டக் டக் என்று ஒரு சத்தம் போடும். லீலாவுக்கு அது பிடிக்காது. என்றைக்காவது தலையில் விழப்போகிறது என்று சொல்லி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். இப்போதிருப்பது சத்தமே போடவில்லை. நல்லதுதான்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பிரஷர் பார்க்கக் கையில் பட்டியைச் சுற்ற வேண்டாம். டோக்கன் வாங்கினால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் இருக்கும் பெண் சொன்னாள், அதனால் வாங்கினேன். கடைசி டோக்கனாகக் கேட்டு வாங்கினேன். நான் பேசி முடிக்க நேரமாகும். என்னால் நோயாளிகள் காத்துக் கிடப்பதில் எனக்கு விருப்பமில்லை.

என் பெயர் சுப்பராயலு. ஆரணி, பட்டு நெசவு. லீலாவின் வீட்டுக்காரர் என்றால் உங்களுக்குத் தெரியும். நீங்கள் அவளை மறக்கவில்லை என்று தெரிந்துதான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதித் தந்ததற்கு மேல் ஒரு மாத்திரைகூட நான் அவளுக்குக் கொடுத்ததில்லை. நாட்டு மருந்து, லேகியம் என்று எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை. உப்பு கூடாது என்றீர்கள். மூன்றரை வருஷம் உப்பில்லாமல் நானே சமைத்தேன், அவளோடு உட்கார்ந்து நானும் அதையே சாப்பிட்டேன். பெண்டாட்டியைக் கையில் வைத்துத் தாங்குகிறான் என்று தெருவே சொன்னது. அது பொய்ப் பேச்சு இல்லை. தாங்கத்தான் செய்தேன்.

லீலா வீடு தங்குகிற பெண் அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் நெய்வேன், அவள் விற்பாள். கல்யாணமான புதிதிலிருந்தே எங்கள் வீட்டில் அப்படித்தான். எனக்கு நாலு பேரிடம் பேச வராது. அவளுக்குப் பேசாமல் இருக்க வராது. முடித்த புடவைகளை வெள்ளைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறுவாள். கடைக்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள், மாம்பலத்துப் பெரிய வீட்டு அம்மாக்கள் என்று அவளுக்குப் போன இடமெல்லாம் சினேகிதம். திரும்பி வந்தால் குளிப்பாள், சாப்பிடுவாள், தூங்குவாள். விடிந்தால் காஞ்சிபுரத்தில் ஜரிகை வாங்க வேண்டும் என்று மறுபடியும் கிளம்பிவிடுவாள்.

என்னுடையது குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டுக்கொண்டு தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து நிமிராமல் பார்த்தால் வாசலில் செருப்பு மாட்டுகிற கால்தான் தெரியும். "வரேங்க, கொழம்பு மூடி வெச்சிகீறேன்" என்று குரல் வரும். கால் போய்விடும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் லீலா என்றால் எனக்கு அந்தக் கால்தான். ஆசை இல்லாமல் இல்லை, டாக்டர். நிறைய இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாம்பலத்து அம்மாக்களிடம் சொல்லிச் சிரிக்கிற கதையில் ஒன்றை என்னிடம் சொல் என்று ஒரு ஆண்பிள்ளை எப்படிக் கேட்பான்.

அந்தக் கால்தான் முதலில் வீங்கியது. அவள் கவனிப்பதற்கு முன்பே நான் கவனித்தேன். செருப்பைக் கழற்றினால் வாரின் தடம் பள்ளமாக நிற்கும், சாயங்காலம்வரை போகாது. பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததால் என்றாள். எங்கள் தெருமுனையில் தருமன் என்று ஒருவன் மெடிக்கல் வைத்திருக்கிறான். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பிரஷர் பார்த்துச் சொல்வான். அவளுக்குப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. நூற்றுத் தொண்ணூறு என்றான். வேலூரில் உங்களைப் போய்ப் பார்க்கச் சொன்னது அவன்தான். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம், தை மாசம்.

அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. லீலா ரத்தம் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். "ரெண்டு கிட்னியும் சேர்ந்து பாதிதான் வேலை செய்யுது. போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தணும்னா பிரஷரை நல்லா இறக்கணும். மத்தவங்களுக்கு நூத்திநாப்பது போதும், இவங்களுக்கு நூத்திமுப்பதுக்குக் கீழ வேணும். மூணு மாத்திரை, நாலு மாத்திரை ஆனாலும் பரவாயில்லை. ஆனா ரொம்ப இறங்கிடவும் கூடாது. எழுந்தா தலை சுத்துது, கண்ணு இருட்டுதுன்னா எனக்குச் சொல்லணும், குறைச்சிடலாம். வாந்தி பேதி வந்தா மாத்திரையை நிறுத்திட்டு நேரா இங்க கூட்டிட்டு வரணும். புரிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். புரிந்தது என்றேன். நன்றாகவே புரிந்தது. லீலா திரும்பி வருவதற்குள் நீங்கள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அவளிடம் நான் சொல்லிக்கொள்வேன் என்று நினைத்திருப்பீர்கள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தவறுதான். அடுத்த முறை வரும்போது வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். சாப்பாடு இல்லையென்றால் மாத்திரையும் இல்லை, அவ்வளவுதான். விடிகாலைப் பஸ்ஸில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தாள். நீங்கள் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினீர்கள். நூற்றெழுபதுக்கு மேல் இருந்தது. மருந்து போதவில்லை என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினீர்கள். ஆரணிப் பக்கத்திலிருந்து உங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் வருகிறார்கள். வெளியே காத்திருந்த நேரத்தில் நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன்.

புது மாத்திரை போட ஆரம்பித்த வாரமே லீலாவுக்குத் தலை சுற்றியது. பாயிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். தருமனிடம் அழைத்துப்போனேன். நூற்றைந்து என்றான். பிறகு அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கேட்டான். "டாக்டராண்ட போன அன்னிக்கி மாத்திர போட்டுகினு போனீங்களாணா?"

"வெறும் வயிறு சொன்னாரு. போடல."

"அதான் பாத்தேன். ஏங்ணா, ரத்தம் குடுக்கத்தான் வெறும் வயிறு. பிரஷர் மாத்திரைய ஒரு வாய் தண்ணில போட்டுகினு போவணும். இல்லன்னா அங்க ஏறிகினு நிக்கும், அவரு மேல மேல ஏத்திகினே போவாரு, இங்க வந்து எறங்கிடும். அடுத்த தபா மறக்காம சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். உண்மையாகவே சொல்லும் எண்ணம் இருந்தது. அந்த வாரம் மெட்ராஸ் போக முடியாமல் லீலா தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் நான் நெய்துகொண்டிருந்தபோது, கேட்காமலே பேச ஆரம்பித்தாள். சின்ன வயதில் களம்பூரில் அவள் மாமன் வேலை செய்த அரிசி ஆலையில் உமிக் குவியலின் மேல் ஏறிக் குதித்து விளையாடியதை, உமிக்குள் கழுத்துவரை புதைந்துபோய் அழுததை, மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கதை எனக்குத் தெரியாது. சொல்லி முடித்துவிட்டு, "ஏங்க, கைய தூக்கினா மயக்கமா வருது. தலைய கொஞ்சம் வாரி வுடுறீங்களா?" என்றாள். வாரிவிட்டேன். முடிக்குள் அவ்வளவு நரை இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

நீங்கள் வேறு மாதிரி எதிர்பார்த்திருக்கலாம். பணம், இன்னொரு பெண், சொத்து என்று ஏதாவது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை.

அடுத்த முறை வேலூர் கிளம்புகிற அன்று அவளே கேட்டாள். "மாத்திர போட்டுக்கட்டுமா?" நான் வெறும் வயிற்றில் வேண்டாம் என்றேன். ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்தீர்கள், நூற்றறுபத்தைந்து. மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேட்டீர்கள். ஒரு நாள் தப்புவதில்லை என்றேன். வேலூர் வருகிற நாளைத் தவிர என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை. நீங்களும் அப்படித் துருவிக் கேட்கவில்லை. தலை சுற்றல் இருக்கிறதா என்று அவளைப் பார்த்துக் கேட்டீர்கள். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தலை சுற்றுகிறது என்று சொன்னால் கிட்னி முற்றிவிட்டது என்று அர்த்தம், உடனே மெஷினில் படுக்கவைத்து ரத்தம் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடுவார் என்று நான் பஸ்ஸில் வரும்போது அவளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு அந்த மெஷின் என்றால் அப்படி ஒரு பயம். நான் சொன்ன பொய் என்று எடுத்துக்கொண்டால் அது ஒன்றுதான். உங்களிடம் நான் பொய் சொல்லவில்லை.

அதோடு, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குத் தலை சுற்றவும் இல்லை. அன்றைக்குப் போடாததால் மாத்திரையின் வேகம் இறங்கியிருக்கும் அல்லவா. வேலூர் வருகிற நாளில் அவள் பழைய லீலாவாகிவிடுவாள். நல்ல புடவை கட்டி, பஸ்ஸில் கண்டக்டரிடம் வாயாடிக்கொண்டு வருவாள். இங்கே வந்து உங்கள் வீட்டம்மாவுக்கு அரக்கில் ஒன்று, மயில்கழுத்தில் ஒன்று என்று புடவை பேசுவாள். நீங்கள் சிரிப்பீர்கள். இவ்வளவு உற்சாகமான நோயாளியை நான் பார்த்ததில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். நான் அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கிற லீலாவை நீங்கள் பார்த்தீர்கள், நான் வீட்டுக்கு அழைத்துப்போனது வேறு லீலாவை. அது எனக்கு எப்படி இருந்தது என்பதை இப்போது சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் ஒரு தடவையும் அவளை நிற்கவைத்துப் பார்க்கவில்லை, ஊரில் வேறு யாரிடமாவது பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்கவுமில்லை. குறையாகச் சொல்லவில்லை. வெளியே அவ்வளவு கூட்டம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இதேதான் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது.

அப்படியே போயிற்று. ஒவ்வொரு முறையும் இங்கே ஏறியிருக்கும், நீங்கள் ஒரு மாத்திரையைக் கூட்டுவீர்கள் அல்லது அளவை மாற்றுவீர்கள். வீட்டுக்குப் போனால் இறங்கும். தருமன் கடைக்கு அவளை அழைத்துப்போவதை நிறுத்திவிட்டேன். மாத்திரைகளை வேறு தெருவில் வாங்கினேன். முதல் வருஷம் கிட்னி அப்படியே நிற்கிறது என்று நீங்கள்கூடச் சந்தோஷப்பட்டீர்கள். "பாத்தீங்களா, இறக்கினதுக்குப் பலன் இருக்கு" என்றீர்கள். அதைக் கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவளைக் காப்பாற்றுகிறோம் என்று மனசார நம்பினேன். பிறகு ரத்தத்தில் கழிவு மெல்ல ஏற ஆரம்பித்தது. பிரஷர் அடங்காததால் கிட்னி போகிறது என்று நீங்கள் நினைத்தீர்கள்.

லீலா மெட்ராஸை விட்டாள். பிறகு காஞ்சிபுரத்தை விட்டாள். கடைக்காரர்கள் ஆள் அனுப்பி வீட்டிலேயே புடவை வாங்கிப் போனார்கள். தறி இருந்த கூடத்திலிருந்து கொல்லைப்புறம்வரை சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். தலைக்கு எண்ணெய் வைத்த கை. வெள்ளைச் சுவரில் அவள் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் ஒரு கோடாக எண்ணெய் ஏறிவிட்டது. தோள் உயரத்தில் ஆரம்பித்த கோடு, வருஷம் போகப் போக அவள் குனிந்து நடந்ததால் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. இப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறேன். எண்ணெய்க்கறை சுண்ணாம்புக்கு அடங்காது. சித்திரை வெயிலில் மெல்ல வெளியே வந்துவிடும். மத்தியானத்தில் தறியை நிறுத்தினால் சுவரில் கை உரசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் நின்றுவிடும்.

நல்ல நாட்கள் அவை, டாக்டர். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடம் பாதிதான் சொன்னவனாவேன். பாயில் படுத்தபடி பேசுவாள், நான் நெய்வேன். எல்லாக் கதையும் எனக்கு வந்தது. கண்டக்டர் கதை, மாம்பலத்து அம்மாக்கள் கதை, நான் பெண் பார்க்க வந்த அன்று தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்த கதை. தூக்கம் வருவதுபோல் குரல் இழுக்கும். நடுவில் நின்றுவிடும். நான் தறியின் பாவு நூலைக் கையால் தணித்துவிட்டு எட்டிப் பார்ப்பேன், மூச்சு வருகிறதா என்று.

இரண்டாயிரத்தொன்றாம் வருஷம் ஆனி மாசம், இங்கிருந்து திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டியதும் லீலா திடீரென்று சொன்னாள். "ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? வேலூர் வர அன்னிக்கி மட்டும் எனக்குத் தல சுத்தறதே இல்ல. இந்த டாக்டரு மூஞ்சியப் பாத்தாலே பாதி நோவு போயிடுது போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வீடு போய்ச் சேரும்வரை அவள் விரல் மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் வியாபாரி. ஒரு சின்னக் கணக்கு இடித்தால் விடமாட்டாள். மறுநாள் மெட்ராஸில் இருக்கிற எங்கள் பெண் சுபலட்சுமிக்குப் போன் போட வேண்டும் என்றாள். பூத்துவரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். "எனக்கு இன்னான்னே புரியலம்மா. அங்க ஒரு தபா நல்ல டாக்டரா பாத்துக் காட்டலாம். கொஞ்ச நாளு உன்னாண்டயே இருந்துட்டு வரேன்" என்று மகளிடம் அவள் சொன்னதை வெளியே நின்று கேட்டேன். ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவதாக முடிவாயிற்று. என்னிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பைகளை எடுத்துத் தட்டிவைத்தாள். மெட்ராஸுக்கு எடுத்துப்போகிற அதே பைகள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய செவ்வாய் எங்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மன் கூழை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று லீலாவும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தாள். தண்ணீர் சரியில்லையோ என்னவோ, சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. மற்றவர்கள் மறுநாளே எழுந்து தறியில் உட்கார்ந்துவிட்டார்கள். லீலாவுக்கு நிற்கவில்லை. வாந்தியும் சேர்ந்துகொண்டது.

தருமன் விஷயம் தெரிந்து என்னை வழியில் மறித்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்களைக் கையில் திணித்தான். "இதத் தண்ணில கலந்து குடுத்துகினே இருணா. பிரஷர் மாத்திர எதுவும் குடுக்காத. கிட்னி ஆளு அவங்க. ஜல்தியா வேலூர் இட்டுகினு போ, லேட் பண்ணா பேஜாராயிடும்" என்றான். சரி என்றேன். பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பரண்மேல் வைத்தேன். உப்பு கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள்.

புதன்கிழமை காலை மாத்திரைகளை எடுத்துப்போனபோது லீலா தலையை அசைத்தாள். "இன்னிக்கி வேணாங்க. ஒடம்புல ஒண்ணுமே இல்ல, தொவச்ச துணி மாதிரி கீறேன்."

"ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். மாத்திரை அத்தனையும் கொடுத்தேன், நீர் பிரிகிற மாத்திரையும் சேர்த்து. இரவும் கொடுத்தேன். வியாழனும் கொடுத்தேன், வெள்ளியும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமையெல்லாம் அவளுக்குச் சிறுநீர் வரவே இல்லை. வாய் கோணாமல் விழுங்கினாள். நடுவில் பூத்துக்குப் போய் சுபலட்சுமிக்குப் பேசினேன். அம்மாவுக்கு வயிறு சரியில்லை, பயணம் இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றேன். வேலூர் டாக்டரிடம் பேசினாயா அப்பா என்று கேட்டாள். பேசினேன் என்றேன். இதையும் பொய்யில் சேர்த்தால் இரண்டு. தருமனிடம் சரி என்றதைச் சேர்த்தால் மூன்று.

உங்கள் போன் நம்பர் எனக்கு மனப்பாடம். பூத்தில் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாந்தி பேதி வந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான் நினைத்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைத்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து நிற்கக் கூடாது. அது கழிந்ததும் கஞ்சி வைத்துக் கொடுத்து, மாத்திரையைக் குறைத்து, பழையபடி பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் தறியில் இருந்தேன். அவள் கையை நீட்டி என் வேட்டி ஓரத்தைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வந்தாள் போலிருந்தது. கதை சொல்லப்போகிறாள் என்று நினைத்து தறி மிதிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்தேன். அவ்வளவுதான். இதயம் நின்றுபோயிற்று என்று பக்கத்து டாக்டர் வந்து சொன்னார். கிட்னி நோய்தானே என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. தருமன் மட்டும் துக்கத்துக்கு வந்தவன் பரணைப் பார்த்தான். பொட்டலங்கள் பிரிக்காமல் இருந்தன. இன்றுவரை அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

காரியம் முடிந்த கையோடு சுபலட்சுமி உங்களிடம் வந்து, வீட்டில் அம்மாவுக்கு எழுந்தாலே தலை சுற்றும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு அப்புறம் ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு ஏன் வந்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் அடுத்த தெரு தனக்கோடி உங்களிடம்தான் வைத்தியம் பார்க்கிறான். அவனுக்கும் கிட்னிதான். நாலு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்து நன்றி சொல்வதுபோல் சொன்னான். "உங்க வூட்டம்மா புண்ணியம்ணா. எனக்கு மாத்திர கம்மி. நூத்தம்பதுல இருந்தாலே போதும்ங்குறாரு. உங்க ஊருல ஒரு அம்மாவுக்கு ரொம்ப எறக்கி நானே கொன்னுட்டேன்யா, அதுக்கப்புறம் யாருக்கும் அவ்ளோ எறக்க எனக்குத் தைரியம் வரலன்னு சொல்லிகினு கண்ணு கலங்கிட்டாரு. தங்கமான மனுசன்ணா."

இப்போது தனக்கோடி வாரம் இரண்டு முறை மெஷினுக்குப் போகிறான். அதற்காக இடது கையில் ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் தறிப்பலகை அடிக்க முடியாது. இன்னும் இறக்கியிருந்தால் அவன் கிட்னி இன்னும் சில வருஷம் ஓடியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவனைப் போல எத்தனை பேரை அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்கள் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்காகத்தான் வந்தேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் செய்த வைத்தியத்தில் தப்பில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாயா என்று கேளுங்கள், நிற்கவைத்துப் பாருங்கள், பிறகு தைரியமாக இறக்குங்கள். அதைச் சொல்வது நியாயம்தானே.

ஆனால் இங்கே வந்து உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு, வந்த காரணம் அது இல்லை என்று தெரிகிறது. தனக்கோடி அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீங்கள் கண் கலங்கினீர்கள் என்றான். பெயர் சொல்லாமல், ஆரணி அம்மா, ஆரணி அம்மா என்று வருகிறவர்களிடமெல்லாம் அவளைப் பற்றிப் பேசுகிறீர்களாம். அவளை மெட்ராஸ் கடைக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தேன், மாம்பலத்துக்குக் கொடுத்தேன், மகளுக்குக் கொடுத்தேன், வேலூர் வந்த நாளெல்லாம் உங்களுக்கும் கொடுத்தேன். கடைசி நாலு நாள் மட்டும் முழுசாக என்னிடம் இருந்தாள். போலீசுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன். நீங்கள் அவளைக் கொல்லவில்லை, டாக்டர். நான்தான் கொன்றேன், நான் மட்டும்தான். அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது.